அமெரிக்கன் அசனும் இரண்டாவது அளவும்

என் மச்சான் அசனுக்கு,

நீ அடங்கியிருக்கும் கிண்ணியா மண் உனக்கு இதமாக இருக்கட்டும். மச்சான் என்று எழுதக் கை கூசுகிறது. உன் கடைசிக் காலத்தில் பல வருடங்கள் அந்தச் சொல்லை நான் உனக்குத் தரவில்லை. ஆனாலும் வேறு எந்தச் சொல்லால் உன்னைக் கூப்பிட? முகம்மது அசன் அவர்களே என்று தொடங்கினால் நீ அங்கேயிருந்தே சிரிப்பாய்.

இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. எழுதி முடித்ததும் எங்கள் தொழிற்சங்கக் கட்டடத்து அறிவித்தல் பலகையில் ஒட்டப் போகிறேன். ஆகவே உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

முதலில் செய்தி. அமெரிக்கக் கப்பல் வந்திருக்கிறது. மாக் கப்பல் இல்லை, போர்க் கப்பல். நல்லெண்ண விஜயமாம். வெள்ளைச் சட்டை போட்ட பெடியன்கள் கடைத்தெருவில் சாரம் வாங்குகிறார்கள், கோணேசர் மலையில் ஏறிப் படம் பிடிக்கிறார்கள், கடற்கரையில் எங்கள் பிள்ளைகளோடு பந்து விளையாடுகிறார்கள். நல்ல பெடியன்கள்தான். அதுதான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்ல பெடியன்களை ஏன் இவ்வளவு தூரம் அனுப்புகிறார்கள்?

மதில் எல்லாம் சுவரொட்டி. திருகோணமலையை விற்காதே என்று ஒன்று, அமெரிக்காவே வெளியேறு என்று ஒன்று. அவற்றை அச்சடிக்கக் காசு கொடுத்தது யார் என்றும் எனக்குச் சந்தேகம். சீனக்குடாக் காட்டுக்குள் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன எங்கள் எண்ணெய்த் தாங்கிகளை வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப் போகிறார்களாம். கம்பனிக்குப் பின்னால் அமெரிக்கா நிற்கிறதாம். போன கிழமை முக்காலியும் கண்ணாடியுமாக இரண்டு பேர் வந்து காட்டை அளந்தார்கள். நான் போய்க் கேட்டேன்.

“நீங்கள் ஆர்?”

“சேவயர்மார் ஐயா.”

“ஆருக்காக அளக்கிறியள்?”

“அது எங்களுக்கும் சொல்லேல்லை.”

அந்தப் பதிலை மட்டும் நான் நம்பினேன்.

நான் சந்தேகப் பிராணி என்பது உனக்குப் புதிதில்லை. கடையில் வாங்கிய பாலை மோந்து பார்த்துத்தான் குசினிக்குள் விடுவேன் என்று என் மனுசி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். ஆனால் சந்தேகம் எங்கள் இரண்டு பேருக்கும் தொழிலே அல்லவா? அதைக் கொஞ்சம் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வேலைக்கு டிப் பார்ப்பது என்று பெயர். தாங்கியின் உச்சிக்கு ஏறி, மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய அளவு நாடாவை உள்ளே இறக்கி, எண்ணெய் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது. குண்டில் ஒரு களிம்பு பூசுவோம். எண்ணெய்க்கு அடியில் தண்ணீர் ஒளிந்து நின்றால் களிம்பு நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் அளந்தால் அது அளவில்லை. முதல் ஆள் அளந்து, இலக்கத்தைச் சோக்குக்கட்டியால் மூடிக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு முதுகைத் திருப்பி நிற்பான். இரண்டாவது ஆள் தானாக அளந்து மறுபக்கம் எழுதுவான். பிறகுதான் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பது. ஒத்துப்போனால் இரண்டு பேரும் கையெழுத்து வைப்போம். ஒத்துப்போகாவிட்டால் யார் மேலும் கோபமில்லை, மறுபடி அளப்போம்.

கப்பலுக்கு எண்ணெய் கொடுக்கும்போதும் அப்படித்தான். கரைப் பக்கத்து ஆள் ஒருவன், கப்பல் பக்கத்து ஆள் ஒருவன். ஐம்பதுகளில் மாக் கப்பல்கள் எண்ணெய் எடுக்க வந்தபோது இங்கிலிஷ் கொஞ்சம் தெரிந்தவன் என்று உன்னைத்தான் அனுப்பினார்கள்.

அந்த மா ஞாபகமிருக்கிறதா? அமெரிக்கன் மா. இன்றைக்கும் எந்த நாட்டுக் கோதுமையை அரைத்தாலும் எங்கள் சனம் அமெரிக்கன் மா என்றுதான் கேட்கிறது. சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். வெறும் சாக்கைக் கழுவி வெளுத்துப் பிள்ளைகளுக்குக் களிசான் தைப்போம். எவ்வளவு வெளுத்தாலும் அந்தக் கைகள் போகாது. என் மூத்தவன் கைகுலுக்கும் படத்தைப் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்புவழிபுரம் முழுக்க ஓடித் திரிந்தான். நீ அவனைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

“மச்சான், நம்மளோட கைகுலுக்கிறவன் எந்த இடத்தில கையை வைக்கிறான் எண்டு பாத்தியா?”

எல்லாரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. சும்மா தருகிறவன் ஏன் தருகிறான் என்று அன்றே கேட்டவன் நீ ஒருவன்தான். நாங்கள் அந்த மாவில் சுட்ட பாணைத் தின்றுவிட்டு அமெரிக்காவை ஏசினோம். நீ பாணைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாய்.

பிறகு அறுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டு எண்ணெய்க் கம்பனிகளின் சொத்தை அரசாங்கம் எடுத்தது. ரஷ்ய எண்ணெய் வந்தது. நட்ட ஈடு சரியாக வரவில்லை என்று அமெரிக்கா மாவைத் தவிர மற்ற உதவியை நிறுத்தியது. எங்கள் சங்கத்தில் பெருநாள் மாதிரி இருந்தது. பட்டாசு கொளுத்தினோம். அதே வேகத்தில் எங்கள் வேலையை நிரந்தரமாக்கக் கேட்டு ஒரு வேலைநிறுத்தத்துக்கும் இரகசியமாக ஆயத்தம் செய்தோம். வேலைநிறுத்தத்துக்கு முதல்நாள், முன்னின்ற நாலு பேரின் பெயர் அலுவலகத்துக்குப் போய்விட்டது. நாலு பேரையும் தூர இடங்களுக்கு மாற்றினார்கள். யார் காட்டிக்கொடுத்தது?

நான் சொன்னேன், அசன் என்று.

ஓம், நான்தான். இதுவரை இதை ஒருவரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. அந்தக் கிழமை காலையில் இறங்குதுறையில் நீ ஒரு மாக் கப்பல்காரனிடம் மடித்த தாள் ஒன்றைக் கொடுத்ததைக் கண்டேன். அவன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உன் தோளில் தட்டினான். அமெரிக்க முத்திரை ஒட்டிய கடிதம் உனக்கு வருவதை முன்பே தபாற்கந்தோரில் பார்த்திருக்கிறேன். அமெரிக்கனுக்குத் தாள் கொடுக்கிறவன் அலுவலகத்துக்கும் பெயர் கொடுப்பான் என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். சங்கத்தில் எழுந்து, என் கண்ணால் கண்டனான் என்று சொன்னேன்.

ஒருவரும் கேட்கவில்லை, வேறு ஆர் கண்டது என்று. ஒருவன் அளந்த அளவை வாழ்நாளில் ஒரு நாளும் ஏற்றுக்கொள்ளாத இத்தனை பேர், ஒருவன் கண்ட காட்சியை வைத்து உன்னைச் சங்கத்தை விட்டு நீக்கினோம். வேறு தொழில் செய்கிறவர்கள் இந்தப் பிழையை விட்டால் மன்னிக்கலாம். நாங்கள்?

நீ வாதாடவில்லை. வாசலில் நின்று என்னை மட்டும் பார்த்துக் கேட்டாய்.

“நீ அளந்தது சரி மச்சான். ரெண்டாவது அளவு ஆர்ர?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்றிலிருந்து நீ அமெரிக்கன் அசன்.

கொடுமை என்னவென்றால் எங்களைப் பிரித்துப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகும் அதே தாங்கிகளில் நீயும் நானும்தான் ஏறினோம். முதுகுக்கு முதுகு நின்றோம். இலக்கத்தைத் தவிர ஒரு சொல் இல்லை. வருடக்கணக்கில் உன் இலக்கமும் என் இலக்கமும் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. எண்ணெய் விஷயத்தில் உன்னை முழுதாக நம்பினேன். உன்னைத்தான் நம்பவில்லை. இதை எப்படி விளங்கிக்கொள்வது?

நீ போன பிறகு நாடு எப்படி மாறியது என்று சொல்கிறேன். கூப்பன் அரிசி போய் உணவு முத்திரை வந்தது. திறந்த பொருளாதாரம் என்கிறார்கள். கடையில் இல்லாத சாமான் இல்லை. வாங்கத்தான் ஏலாது. ரூபாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள், அது தாழ்ந்துகொண்டே போகிறது. சீனக்குடாவில் பெரிய மா ஆலை நிற்கிறது, கப்பல் கப்பலாகக் கோதுமை இறங்குகிறது. எல்லாம் டொலருக்கு. முந்தி எங்கள் வீட்டில் காலையில் புட்டும் மீன் குழம்பும்தான். இப்போது பாண் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்குக் காலை விடிவதில்லை.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்துக்குப் புதுக் கட்டடம் கட்டி முடித்திருக்கிறோம். சங்கத்தைத் தொடங்கியவர்களின் பெயரை ஒரு பலகையில் எழுதிச் சுவரில் மாட்டுவதாகத் தீர்மானம். செயலாளர் என்றபடியால் பட்டியலை நான் எழுதினேன். உன் பெயரையும் எழுதினேன். தலைவர் செல்வராசா பட்டியலைப் பார்த்தார். அவர் நீ நீக்கப்பட்ட பிறகு வேலைக்கு வந்தவர், உன்னோடு பழகியதே இல்லை.

“சிவண்ணை, அமெரிக்கன் கப்பல் துறைமுகத்துக்குள்ள நிக்கேக்க அமெரிக்கன் அசனின்ர பேரை எழுதினால் சனம் என்ன கதைக்கும்? தாங்கியளின்ர வரைபடத்தை அந்தக் காலத்திலேயே குடுத்த ஆளெல்லோ அவர்.”

வரைபடமா? நான் சொன்னது ஒரு தாள். அந்தத் தாள் இவ்வளவு காலத்தில் வளர்ந்து முழுத் தாங்கிக் காட்டின் வரைபடமாகிவிட்டது. அந்த இடத்திலாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. செல்வராசா பேனையால் உன் பெயரை வெட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து உன் மகள் பரீதா வந்தாள். டீச்சராகிவிட்டாள், தெரியுமா? உன்னைப்போலத்தான், கேள்வியைக் கேட்டுவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்கிறாள். கையில் ஒரு ரங்குப் பெட்டி.

“மாமா, வாப்பாட பேரு பலகையில வராதாம். நீங்கதானே செயலாளர். ஏன் மாமா?”

“அது... பழைய கதை பிள்ளை.”

“பழைய கதைதான் எங்களோட இன்னும் வருது. பள்ளிக்கூடத்துல பிள்ளைகள் எனக்கு அமெரிக்கன் டீச்சர் எண்டு பேரு வச்சிருக்குதுகள். உம்மா இந்தப் பெட்டிய இத்தினை வருஷமும் கோவத்துல பூட்டி வச்சிருந்தாங்க, இப்பதான் உங்களுக்கிட்டக் குடுக்கச் சொன்னாங்க. இதுல இருக்கிறது இங்கிலிஷ். உங்களுக்குத்தான் எண்டு வாப்பா சொன்னவராம்.”

கதிரையைப் போட்டு இருவரும் அமர்ந்தோம். பெட்டியின் அடியில் அந்தத் தாள் இருந்தது, மச்சான். இறங்குதுறையில் நான் கண்ட அதே தாள். மடிப்புகள்கூட அப்படியே. ஒரு பக்கத்தில் உன் எழுத்தில் நாலு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் கீழே வேறு ஒருவன் எழுத்தில் பதில். கப்பலில் உன்னோடு எண்ணெய் அளந்த, முன்பே உனக்குக் கடிதம் போட்டுவந்த வால்ட்டர் என்பவன், ஊருக்குப் போய்ப் பதில் எழுதித் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். பரீதா படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள்.

மாவை ஏன் தருகிறீர்கள் என்று நீ கேட்டிருந்தாய். அவன் தன் சின்ன வயதிலிருந்து தொடங்குகிறான். முப்பதுகளில் அவர்களுக்கு ஒரு பெரும் மந்தம் வந்ததாம். விளைந்ததற்கு விலையில்லை. நிலக்கரியை விடச் சோளம் மலிவென்று அவனுடைய தகப்பன் சோளத்தை அடுப்பில் போட்டு எரித்தாராம். பாலைத் தெருவில் ஊற்றினார்களாம். அதே நேரம் பட்டணத்தில் சனம் ஒரு கோப்பை சூப்புக்கு வரிசையில் நின்றதாம். அதற்குப் பிறகு கமக்காரனின் விலை விழக்கூடாது என்று அரசாங்கமே தானியத்தை வாங்கி அடுக்கத் தொடங்கியது. யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் களஞ்சியம் நிரம்பி வழிந்தது. வழிந்ததைத்தான் கப்பலில் ஏற்றுகிறோம், உங்கள் பசி எங்களுக்கு இரண்டாவது காரணம், ஆனால் மாவில் பிழையில்லை, சாப்பிடுங்கள் என்று எழுதியிருக்கிறான்.

எதுவரைக்கும் தருவீர்கள் என்பது உன் இரண்டாவது கேள்வி. களஞ்சியம் இறங்கும்வரை, பிறகு விற்பார்கள், அதற்குள் உங்கள் பிள்ளைகளுக்குப் பாண் பழகியிருக்கும் என்பது பதில். இதைப் பரீதா சொன்னபோது என் பேரப்பிள்ளை குசினிக்குள் பாண் கேட்டு அழுதுகொண்டிருந்தான். நான் புனையவில்லை.

மூன்றாவது, நாங்கள் கம்பனிகளை எடுத்ததற்கு ஏன் உதவியை நிறுத்தினீர்கள்? அதற்கு அவன் எழுதியது: “அதை எனக்கும் ஒருவரும் விளக்கவில்லை. என் அப்பாவின் நிலத்தை வங்கி எடுத்தபோது அமெரிக்கா எதையும் நிறுத்தவில்லை.”

நாலாவது, எங்கள் துறைமுகத்தில் உங்களுக்குக் கண்ணா? “தெரியாது. தெரிந்தவர்கள் எண்ணெய் அளப்பவனிடம் சொல்லமாட்டார்கள்.”

மச்சான், நாங்கள் எங்கள் துண்டுப்பிரசுரத்தில் அமெரிக்காவை ஒரு பக்கமாக நின்று அளந்தோம். நீ ஒருவன்தான் அமெரிக்கனிடமே போய் இரண்டாவது அளவு கேட்டாய். எங்கள் எல்லாரையும் விடப் பெரிய சந்தேகக்காரன் நீ. உன்னைத்தான் அமெரிக்காவின் ஆள் என்றோம்.

வால்ட்டர் சொன்னதை எல்லாம் நான் அப்படியே விழுங்கவில்லை. அவன் ஒருவன். அவனுக்கும் அவனுடைய பக்கம் இருக்கும். ஆனாலும் சிலது என் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒத்துப்போகிறது. அங்கே ஒரு கமக்காரன் சோளத்தை எரித்ததற்கும் இங்கே என் பேரன் புட்டைத் தள்ளிவிடுவதற்கும் நடுவில் ஒரே ஒரு குழாய் ஓடுகிறது. டொலருக்குப் பின்னால் தங்கம் நிற்கும் என்று சொல்லியிருந்தவர்கள், வியட்நாம் யுத்தம் நடக்கும்போதே அந்த வாக்கைக் கைவிட்டார்கள். பிறகு அரபு நாடுகள் எண்ணெய் விலையை உயர்த்தின. எழுபதுகளில் நாங்கள் விடியமுன் பாணுக்கு வரிசையில் நின்றதற்கு உள்ளூர் அரசாங்கத்தை மட்டும் ஏசினோம். பாதி ஏச்சு தூரத்துக்குப் போயிருக்க வேண்டும். இன்றைக்கு அங்கே வட்டியைக் கூட்டினால் இங்கே கடன்பட்ட அரசாங்கத்துக்கு மூச்சு முட்டுகிறது, அது எங்கள் உணவு முத்திரையில் கை வைக்கிறது. இந்த நேரம் பார்த்துக் கப்பல் நல்லெண்ணத்தோடு வருகிறது. இப்போது சொல், கடற்கரையில் பந்து விளையாடும் அந்தப் பெடியன்களிடம் யார் போய் நாலு கேள்வி கேட்பது? எங்களிடம் அசன் இல்லையே.

தாளின் அடியில் தமிழில் உன் எழுத்து ஒரு வரி இருந்தது. பரீதா அதை வாசிக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பினாள்.

“சிவத்திடம் காட்ட வேண்டும். அவனும் தன் பங்குக்கு அளக்கட்டும்.”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நீ நீக்கப்பட்டுச் சில மாதம் இருக்கும். தாங்கி உச்சியில் வெயில் கொதிக்கிறது. நீ சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்து நீட்டினாய். “மச்சான், இதை ஒருக்காப் பாரன்” என்றாய். நான் என்ன சொன்னேன்? “இலக்கத்தைச் சொல்” என்றேன். நீ தாளைத் திரும்பச் சட்டைக்குள் வைத்தாய். இலக்கத்தைச் சொன்னாய். என் இலக்கமும் அதுவாகவே இருந்தது.

அதற்குமேல் எனக்கு அடக்க முடியவில்லை. உன் மகளுக்கு முன்னால், இந்த வயதில், விம்மி அழுதேன். நான்தான் உன் வாப்பாவைச் சொன்னவன் என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடினாள்.

“எனக்கிட்ட மட்டும் சொன்னது காணா மாமா. அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால எழும்பித்தானே சொன்னீங்க?”

அன்றைக்கு அந்த நாலு பெயரை உண்மையில் கொடுத்தது யார் என்று இப்போது என் மூளை அரிக்கிறது. நான் சொன்ன உடனே, மறு கேள்வி கேட்காமல், அசனை நீக்கு என்று முதலில் குரல் கொடுத்த ஒருவர் இருந்தார். அவர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது. எழுதமாட்டேன். தனியாக அளந்தது போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் பலகையை மாட்டிப் பெயரெழுதுகிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பெயர் எழுதுகிறவன் தூரிகையைத் தொடுமுன் எல்லாருக்கும் நடுவில் எழும்புவேன். தாளை நானே கண்டேன், அதற்குள் என்ன இருந்தது என்று காணவில்லை, கேட்கவும் இல்லை என்று சொல்வேன். வால்ட்டரின் பதில்களைப் பரீதா படிப்பாள். உன் பெயரை எழுதினால் அதற்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கட்டும். எழுதாவிட்டால் என் பெயரையும் வெட்டச் சொல்வேன். ஒரு கையெழுத்து மட்டும் உள்ள அளவை நாங்கள் என்றைக்கு ஏற்றுக்கொண்டோம்?

அதன்பிறகு அவர்கள் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி.

மூடியின் இந்தப் பக்கம் என் அளவை எழுதி, இத்தனை வருடம் முதுகைக் காட்டி நின்றேன். இப்போதுதான் திரும்பி உன் பக்கத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை, அசன். பிழை என்னுடையது.

உன்னோடு தாங்கி ஏறிய மச்சான்,
சிவலிங்கம்,
அன்புவழிபுரம்.